பின்னால் வரும் படகு

மார்வா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆற்றில் இறங்கிவிட்டால் ஒவ்வொரு படகும் தனக்குப் பின்னால் வரும் படகுக்குப் பொறுப்பு. முன்னால் போகிறவர்களைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். வளைவுக்கு வளைவு கழுத்தைத் திருப்பிப் பார். பின்னால் வருகிறவன் கண்ணில் பட்டால் துடுப்பைப் போடு. படவில்லையா, நிறுத்து. நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்து நிற்பான். அவன் நின்றால் அவனுக்கு முன்னால் இருப்பவனும் நிற்பான். இப்படியே ஐந்து படகும் நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக, செப்டம்பர் பிறந்தால் இந்தக் கூட்டம் எங்கள் பாலைவனத்துக் கிரீன் ஆற்றின் பள்ளத்தாக்குகளில் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு ஆளைக்கூட ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. எல்லாம் அந்த ஒற்றைச் சட்டத்தின் புண்ணியம்.

சைகையும் இரண்டுதான். துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் 'நில்'. நெட்டுக்குத்தலாகத் தூக்கிப் பிடித்தால் 'என்கிட்ட வா'. மத்தியானத்துக்கு மேல் எங்கள் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக ஒரு காற்று கிளம்பும் பாருங்கள், அதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினாலும் பத்தடி தாண்டாது. கண்ணை நம்பினால்தான் உண்டு.

அந்த வருஷம் நாலாவது படகில் ஆர்டன். அவருடைய மனைவி கோரா முன்பலகையில், அவர் பின்பலகையில். ஐந்தாவது படகில் தன்னந்தனியாக அவருடைய தம்பி ரூலன். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இந்த வரிசையை யார் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? மார்வாவும் கோராவும் சேர்ந்து செய்த சதி அது. மார்வா எழுபது வயது நர்ஸ், ஓய்வு பெற்றும் ஊரையே வார்டு மாதிரி நடத்துகிறவள். "அவன் தம்பி மூஞ்சிய ஒரு நாளைக்கு நூறு வாட்டி பாக்கட்டும் கோரா. எத்தனை நாளைக்குத்தான் கல்லுளிமங்கன் மாதிரி இருப்பானுங்க, பாத்துடலாம்" என்றாள். நடுவில் வந்த இரண்டு படகுகளில் மோவாப் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நாலு பேர். அவர்களுக்கும் விஷயம் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது.

ஆர்டனுக்கு வயது அறுபத்து நாலு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஏழு இருபது என்றால் ஏழு இருபது. ஏழு இருபத்தொன்றுக்கு ஓடி வருகிற பிள்ளை கண்ணாடியில் தெரியும், கையாட்டும், அழும். பஸ் நிற்காது. "இன்னைக்கு நின்னா நாளைக்கும் நிக்கணும்" என்பார். அவ்வளவு வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. வெறும் கல்லில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். கல்லில் போட்டு உட்கார அவர் கூடவே கொண்டுவரும் மெத்தையைக் கூட்டத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார்.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய அம்மாவின் அடக்கம். பதினோரு மணி என்று குறித்திருந்தது. ரூலன் இருந்தது ஹேங்க்ஸ்வில்லில், பாலைவனத்துக்கு அந்தப் பக்கம். இரவெல்லாம் எங்கோ மழை கொட்டி, விடியற்காலையில் ஒரு காட்டோடை சாலையை மறித்துக்கொண்டு ஓடியது. லாரியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வடிகிறவரை நின்றான். போன் எடுக்காத வெட்டவெளி. இங்கே கல்லறைத் தோட்டத்தில் பதினோரு மணிக்கு எல்லோரும் ஆர்டனைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சபைப் பெரியவரிடம் தலையசைத்தார். பதினொன்று பத்துக்கு ரூலன் சேறு அப்பிய காலோடு ஓடி வந்தபோது பெட்டி இறங்கி, மேலே மண் விழுந்துகொண்டிருந்தது.

"பத்து நிமிஷம் பொறுக்க முடியலையா அண்ணே உனக்கு? பெத்தவ மூஞ்சிய ஒரு தடவை பாக்க?"

"சொன்னா சொன்ன நேரம்டா. எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க."

"நீ இன்னும் பஸ்தான் ஓட்டிக்கிட்டிருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவன்தான். அதற்கப்புறம் மூச்சு விடவில்லை. கடிதம் போட்டால் பதில் கிடையாது. போன் செய்தால் எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான்.

ஆர்டன் தப்பு செய்துவிட்டார். அது அவருக்கு அன்று சாயங்காலமே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், வாய் வரவில்லை. அந்த வருஷம் ஆற்றுக்கு வந்தது படகு ஓட்ட ஆசைப்பட்டு அல்ல. ரூலன் வாயால் 'அண்ணே' என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்குமேல் திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இடுப்பு வலியோடு ஐந்து நாள் பலகையில் உட்காரச் சம்மதித்தார்.

முதல் மூன்று நாள் அவர் சட்டப்படிதான் நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் ஆயிரம் அடிக்கு நிற்க, நடுவில் ஆறு களிமண் கரைத்த தண்ணீராகச் சத்தமில்லாமல் போக, பின்னால் நூறு கஜத்தில் அந்தப் பச்சைப் படகு வரும். முனையில் வெள்ளி டேப் ஒட்டிய பழைய படகு. இவர் தலை திரும்புகிற அந்த நொடியில் ரூலன் தலையும் திரும்பும். சுவரைப் பார்ப்பான், கொக்கைப் பார்ப்பான், தன் துடுப்பையே பார்ப்பான். ஒரு தடவையாவது கண்ணோடு கண் பார்க்கட்டுமே! கிடையாது. அப்படி ஒரு வீம்பு.

கரையேறினாலும் அதே கதைதான். மணல்திட்டில் இரும்புத் தட்டில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் ரூலன் எதிர்க்கோடியில் இருப்பான். உப்பு வேண்டுமென்றால் "ஓரின், அந்த உப்பு டப்பாவ வாங்கிக் குடுங்க" என்பான். டப்பா இருப்பது ஆர்டன் முழங்காலுக்குப் பக்கத்தில். மார்வாவின் புருஷன் ஓரின் கூட்டத்துக்கே கோமாளி. கரையில் எதையும் விட்டுவரக் கூடாதென்பதால், கூட்டத்தின் கக்கூஸ் பெட்டியைப் படகில் ஏற்றி, ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் உத்தியோகம் அவருடையது. "ஏம்ப்பா, இந்தப் பெட்டியில இருக்கறதுகூட ஒண்ணோட ஒண்ணு ஒத்துமையாதான் இருக்கு. உங்களுக்கு என்ன கேடு?" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூலன்கூட. ஆர்டன் அவன் சிரிப்பதைப் பார்த்தார். அவர் பார்ப்பது தெரிந்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

நாலாம் நாள் காலையில்தான் வினை வந்தது. ஓரின் தோசைக்கல் அளவுக்கு ஒரு பான்கேக் சுட்டு, அதைத் திருப்பிப் போடுகிற வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியைகளில் ஒருத்தி, நல்ல மனசில்தான், "ரூலன், உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. அண்ணன் நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பாக்கறார்" என்றாள்.

ரூலன் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "அவர்கிட்டச் சொல்லி வைங்க டீச்சர். நான் ஒண்ணும் அவர் பஸ்ஸுல ஏறின பையன் இல்ல. கண்ணாடியில பாத்துப் பாத்து ஓட்ட வேணாம். பாத்தாலும் நிறுத்தற ஆள் இல்லையே அவரு."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை முகம் செத்துப்போனது. ஆர்டனுக்கு ரத்தம் காதுக்கு ஏறியது. மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த பேச்சு இதுதானா? அதுவும் ஊரார் முன்னாலா? தட்டை மணலில் வைத்தார். எழுந்து படகுக்கு நடந்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

கோரா பின்னாலேயே ஓடினாள். "அவன் பேசினானே! ஏசினாலும் பேசினான்ல? அதைப் பிடிச்சுக்கோங்க."

"பேசினது என்கிட்ட இல்ல. டீச்சர்கிட்ட."

"சின்னப்பிள்ள மாதிரி பேசாதீங்க."

"நான் பாக்கறது அவனுக்குப் பிடிக்கலையாம். நல்லது. இன்னைக்குப் பாக்கல. என் கழுத்தாவது மிச்சம்."

இதை அவர் கோபத்தில் சொன்னார் என்று கோரா நினைத்தாள். கோபத்தில்தான் சொன்னார். ஆனால் பஸ்காரர் அல்லவா, சொன்னால் சொன்னது.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பாறை நிழலில் ஒதுங்கினார்கள். மார்வா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வடமேற்கே பார்த்தாள். சுவருக்கு மேலே ஒரு துண்டு வானம்தான் தெரியும், அதன் ஓரத்தில் கறுத்திருந்தது. இங்கே பளீரென்று வெயில். எங்கள் பக்கத்தில் மழை பெய்கிற இடம் ஒன்று, வெள்ளம் வருகிற இடம் இன்னொன்று. முப்பது மைலுக்கு அப்பால் மேட்டு நிலத்தில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், காய்ந்து கிடக்கிற ஓடைகள் ஒவ்வொன்றும் ஆற்றுக்குள் வாயைத் திறந்து கக்கும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே எந்த ஓடை வாயிலயும் யாரும் இறங்க வேணாம். படகு கட்ட வேணாம், ஒண்ணுக்குப் போகக்கூட வேணாம். அடக்கிக்கங்க" என்றாள் மார்வா.

"நம்ம பெட்டி எதுக்கு இருக்கு?" என்றார் ஓரின்.

ரூலனும் கேட்டுத் தலையாட்டினான். அதை ஆர்டன் பார்த்தார். அன்று தம்பியை அவர் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். படகில் ஏறியபின் ஒரு தடவைகூட அவர் கழுத்து திரும்பவில்லை.

மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. எதிரே வந்து முகத்தில் மணலை அடித்தது. ஆறு சுருக்கம் விழுந்து வெள்ளையாக நுரைத்தது. எல்லோரும் குனிந்து துடுப்புப் போட்டார்கள். ஒரு வளைவு திரும்பியதும் இடது பக்கம் ஒரு ஓடை வாய் தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பாறை மேடை, அதற்குக் கீழே நாக்கு மாதிரி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டு, பின்னால் இருட்டாக ஒரு பிளவு. ஆர்டனின் துடுப்பு ஒரு நொடி தண்ணீரில் அப்படியே நின்றது.

வரைபடத்தில் அந்த ஓடைக்குப் பெயர் கிடையாது. உலகத்தில் இரண்டே பேர் அதைக் 'காபி ஓடை' என்று சொல்வார்கள். அவர்கள் வீட்டில் காபி நுழையக் கூடாது. அம்மாவின் சபையில் அது விலக்கு. மணம் வந்தாலே ஜன்னலைத் திறந்துவிடுவாள். ஆர்டனுக்குப் பதினாலு, ரூலனுக்குப் பத்து வயசில் மாமா ஒருத்தர் அவர்களை இந்த ஆற்றுக்குக் கூட்டிவந்தார். இந்த மேடையில்தான் ராத்தங்கல். விடிகிற நேரம் மாமா மீன் பிடிக்கப் போனதும் இரண்டு பேரும் அவர் கெட்டிலிலிருந்து திருடி, ஒரே தகரக் குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ரூலன் முகத்தைக் கோணிக்கொண்டு, "அண்ணே, இதுக்கா நரகத்துக்குப் போறாங்க?" என்றான். சிரித்துச் சிரித்துக் காபி மூக்கில் ஏறிவிட்டது. பெரியவர்களான பிறகும் இந்தப் பக்கம் வந்த ஒவ்வொரு தடவையும், மார்வாவிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டத்தை முன்னால் போகவிட்டு, இரண்டு பேரும் இங்கே ஒதுங்கிப் பத்து நிமிஷம் காபி குடித்துவிட்டுத்தான் போவார்கள். அம்மா செத்ததிலிருந்துதான் அது நின்றது.

அவனுக்கு ஞாபகம் இருக்குமா? பார்க்கிறானா? கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ஆர்டன் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பாத்தாலும் நிறுத்தற ஆள் இல்லையே அவரு. காலையில் கேட்டது காதிலேயே நின்றது. துடுப்பை ஆழமாகக் குத்தினார். மேடை பின்னால் போயிற்று.

அங்கிருந்து ஆறு அரை மைலுக்கு நேராக ஓடும், ஒரு வளைவு கிடையாது. எந்த இடத்தில் திரும்பியிருந்தாலும் மேடை முழுசாகத் தெரியும்.

கோரா முன்பலகையிலிருந்து காற்றுக்கு மேல் கத்தினாள். "ரூலன் வர்றானா?"

"வர்றான்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். அவளுக்கு என்னவோ மனசு சரியில்லை. முன்பலகையில் இருப்பவள் படகைச் சாய்க்காமல் திரும்ப முடியாது, அதனால்தான் அந்த வேலை பின்பலகைக்காரருக்கு. "பாத்தீங்களா? காத்து பலமா இருக்கு. தனியா வர்றான்."

"வர்றான், வர்றான். நீ போடு."

திரும்பாமலேதான் சொன்னார். அந்த வார்த்தையை அதற்கப்புறம் அவர் எத்தனை ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்.

நேர்ப்பாதை முடிந்து அடுத்த வளைவுக்குக் கீழே ஒரு பெரிய மணல்திட்டு. அன்றைய ராத்தங்கல் அங்கேதான். மார்வா முன்னாலேயே கரையேறி, வருகிற படகை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டனின் படகு மணலில் உரசியதும் அவள் இவர்களைத் தாண்டி ஆற்றைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரூலன் எங்கேப்பா?"

அப்போதுதான் ஆர்டன் திரும்பினார். ஆறு காலியாக இருந்தது. "இப்பதான்... வந்துக்கிட்டிருப்பான்."

கால் மணி நேரம் நின்றார்கள். வளைவில் யாரும் தலைகாட்டவில்லை.

"கடைசியா எங்க பாத்தே?" மார்வா நர்ஸ் குரலில் கேட்டாள். ஆர்டன் குனிந்து படகுக் கயிற்றைக் கட்டப் போனார். "ஆர்டன். உன்னைத்தான் கேக்கறேன். அவனைக் கடைசியா எங்க பாத்தே?"

"மத்தியானம். சாப்பாட்டுக்கு நின்ன எடத்துல."

கோரா துடுப்பைக் கீழே போட்டாள். "வர்றான்னு சொன்னீங்களே" என்றாள். சத்தமே போடவில்லை. ஆசிரியைகள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆர்டன் மறுபடி வளைவைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் ஆற்றின் நிறம் மாறியது. இடது கரையோரமாகச் செங்கல்லைக் கரைத்தது மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தது. அதன் பின்னால் நுரை. நுரையில் சுள்ளி, வேரோடு ஒரு புதர், செத்த முயல். மேலே எங்கோ ஓர் ஓடை கக்கிவிட்டது. வளைவைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு கவிழ்ந்து வந்தது. பச்சைப் படகு. முனையில் வெள்ளி டேப் மினுங்கியது.

ஓரினும் ஒரு ஆசிரியையும் இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து அதை இழுத்தார்கள். கட்டுக்கயிறு அறுந்திருந்தது. நுனியில் கரையோரத் தாமரிஸ்க் புதரின் கிளை ஒன்று இன்னும் முடிச்சோடு தொங்கியது. எங்கேயோ கட்டி வைத்திருந்தான். எங்கே என்று கேட்க ஆர்டனுக்குத் தேவைப்படவில்லை.

"காபி ஓடை" என்றார்.

"எந்த ஓடை?"

அவர் படகைத் தள்ளினார். கோரா முன்பலகையில் ஏறிக்கொண்டாள். மார்வாவும் ஓரினும் இன்னொரு படகில் வந்தார்கள். காற்று இப்போது முதுகில் அடித்தது, அது ஒன்றுதான் உதவி. கரையோரத்துத் தேங்கல் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து, சில இடங்களில் இறங்கிக் கயிற்றால் இழுத்து, அந்த அரை மைல் ஏற ஒரு மணி நேரம் பிடித்தது. ஆர்டன் வழியெல்லாம் "ரூலன், ரூலன்" என்று கத்தினார். அவர் குரலைக் காற்று மேலே கொண்டுபோயிற்று. இடுப்பு வலியை மறந்தே போனார்.

ரூலன் ஓடைக்குக் கொஞ்சம் கீழே, கரையோர வில்லோ மரத்து வேர்களில் மாட்டிக் கிடந்தான். மார்வா முதலில் பார்த்தாள். "கோராவ இங்க வரவிடாதே" என்று ஓரினிடம் சொல்லிவிட்டு முழங்காலில் உட்கார்ந்து கழுத்தில் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அப்புறம் அவன் முகத்துச் சேற்றைத் தன் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தாள். அதிலேயே ஆர்டனுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். இரண்டு காலிலும் சேறு அப்பியிருந்தது, அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்த மாதிரியே. "டேய். டேய், ரூலன். நான் வந்துட்டேன்டா" என்றார்.

"லைஃப் ஜாக்கெட் போடலையே" என்றார் ஓரின் மெல்ல. "ஒரு நாள்கூட இவன் கழட்டினதில்லையே. சாப்பிடும்போதுகூடப் போட்டுக்கிட்டிருப்பான். எங்கதான் போட்டான்?"

மார்வா செயற்கைக்கோள் கருவியில் ஷெரிஃபுக்குச் செய்தி அனுப்பினாள். காலையில்தான் ஹெலிகாப்டர் வர முடியும் என்று பதில் வந்தது. ஓடையில் வெள்ளம் அதற்குள் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. எங்கள் ஓடைகள் அப்படித்தான், வந்த வேகத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரி வடிந்துவிடும். மணல்திட்டு இருந்த இடத்தில் பாதி இல்லை.

ஆர்டன் எழுந்து மேடையில் ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கையும் முழங்காலுமாகத்தான் ஏறியிருக்க வேண்டும்.

முதலில் தெரிந்தது துடுப்பு. மேடையின் விளிம்பில், ஆற்றைப் பார்த்து, நெட்டுக்குத்தலாக நின்றது. பாறை வெடிப்பில் செருகி, சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருந்தான். இத்தனை காற்றிலும் அசையவில்லை. என்கிட்ட வா. அது மார்வா கண்ணுக்கும் படாது, டீச்சர்கள் கண்ணுக்கும் படாது. நாலாவது படகிலிருந்து திரும்பிப் பார்க்கிற ஓர் ஆளுக்கு மட்டும்தான் தெரியும். ஆர்டன் அதன் பக்கத்தில் நின்று கீழே பார்த்தார். அரை மைலும் உள்ளங்கை மாதிரித் தெரிந்தது.

புழுதியில் ரூலனின் கால்தடங்கள். மேடையிலிருந்து மணல்திட்டுக்கு இறங்கும் சரிவில் போயிருக்கின்றன, வந்திருக்கின்றன, மறுபடி போயிருக்கின்றன. திட்டின் முனையில் போய் நின்றால்தான் வளைவுக்கு அப்பாலும் கொஞ்சம் தெரியும். வருகிறாரா என்று பார்க்கப் போயிருக்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். மறுபடி போயிருக்கிறான். மார்வா சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவன், வானம் கறுத்ததைப் பார்த்தவன், அந்த ஓடை வாயில் அண்ணனுக்காக நின்றிருக்கிறான். ஆர்டன் விரலால் எண்ணினார். முதலில் ஏறி வந்தது போக, நாலு தடவை இறங்கியிருந்தான், மூன்று தடவைதான் திரும்பி ஏறியிருந்தான்.

நிழல் விழுந்த சுவரோரத்தில் ஒரு ஃபிளாஸ்க். இரண்டு தகரக் குவளைகள். ஒன்றில் அடியில் கொஞ்சம் காபி மிச்சமிருந்தது. இன்னொன்றை மணல் விழாமல் கவிழ்த்து வைத்திருந்தான். அதற்கு முன்னால் ஒரு தட்டைக் கல், கல்லின் மேல் அவனுடைய லைஃப் ஜாக்கெட். நாலாக மடித்து, ஓரம் சரியாக இருக்கிற மாதிரி தட்டிப் போட்டிருந்தது.

யாருக்கு அந்த மெத்தை என்று ஆர்டனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாய்விட்டு அழுதார். அம்மா செத்தபோதுகூட அப்படி அழாதவர். கீழே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது, யாரும் ஏறி வரவில்லை. அழுது ஓய்ந்ததும் அந்த மெத்தையில் மெல்ல உட்கார்ந்தார். இடுப்பு வலிக்கவில்லை. கவிழ்த்த குவளையை நிமிர்த்தினார். உள்ளே ஒரு மணல்கூட இல்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார். ஆவி வந்தது. காபி இன்னும் சுட்டது.

எதிர்ச்சுவரின் உச்சியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோரா கீழேயிருந்து கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"என்னங்க. இறங்கி வாங்க. இருட்டறதுக்குள்ள கிளம்பணும்ங்கறாங்க மார்வாக்கா. எல்லாரும் நிக்கறாங்க."

ஆர்டன் எதிரே இருந்த குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நிக்கட்டும். ஒரு பத்து நிமிஷம்."